ஒரு பாட்டுக்கு எட்டு பீடி

ஒரு பாட்டுக்கு எட்டு பீடி.
சோகப் பாட்டென்றால் ஏழு.
ஞானதங்கம் கண்டுபிடித்த கணக்கு இது,
ஆலங்குளத்துக்கு மேற்கே, அவள் வீட்டுத் தார்சாவில்,
ஆனிக் காற்றுக்குக் கதவைப் பாதி சாத்தி
இலை பறக்காமல் நாங்கள் மூன்று பேர்
முறத்தை மடியில் ஏந்தியிருக்கிற பொழுதில்.

பதினோரு மணிக்குப் பழைய பாட்டு.
அதில் ஒருத்தர் வருவார், நல்ல குரல்.
ஒரு நாடு இருக்கிறது என்பார்.
அங்கே பூட்டு விற்கிறவனுக்குப் பிழைப்பு இல்லை,
பசி என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்கும்,
வரப்பெல்லாம் கரைந்து ஒரே வயலாகக் கிடக்கும்.
வரும் என்பார். மாறும் என்பார். தீரும், விடியும்.
நான் கவனித்துவிட்டேன்:
அந்த நாட்டில் எல்லா வினைச்சொல்லும்
நாளைக்குத்தான் வேலைக்கு வருகிறது.
எங்கள் பீடிக்கு மட்டும் இறந்தகாலம்.
சுற்றினேன். கட்டினேன். எண்ணினேன்.

“ஏட்டி, அந்த ஊர்ல கழிவு உண்டா?”
நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே கேட்டாள் வெள்ளத்தாய்.
“எல்லாரும் சமம்னா அண்ணாச்சியும் சுத்துவாரா?
அவர் சுத்துனா நுனி மடங்குமா?
அது சரி, பாத்திரம் யாரு கழுவுவா?”
பாட்டில் அதற்குப் பதில் இல்லை.
புல்லாங்குழல் வந்துவிட்டது.

ஆனாலும் அந்தப் பாட்டுக்கு மட்டும்
நாங்கள் ஒருநாளும் ரேடியோவைக் குறைத்ததில்லை.
எட்டு பீடி நேரம்
ஞானதங்கம் தன் மரத்த விரலைப் பற்றிப் பேசமாட்டாள்.

போன வியாழக்கிழமை
இரண்டாம் சரணத்தில் கரண்ட் போய்விட்டது.
ஊரைச் சுற்றிக் காற்றாலை,
கண்ணுக்கெட்டிய மட்டும் மூன்று மூன்று கையாகச் சுழல்கிறது.
ஊருக்குள் ஒரு பாட்டு முடிய மின்சாரம் இல்லை.
முதலில் சிரித்தோம்.
பிறகு வெள்ளத்தாய் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.
அவளுக்கு மெட்டு தெரியும், வார்த்தை தெரியாது.
கைக்குக் கிடைத்ததை உள்ளே போட்டாள்:
ஒற்றைப் பொம்பளை கைகாட்டினாலும் நிற்கிற பஸ்.
எங்கள் பக்கம் முகம் திருப்பிய தராசு.
ஞானதங்கம் போட்டாள்: உள்பக்கம் கொண்டி உள்ள கக்கூஸ்.
மெட்டுக்கு இடித்தது. இழுத்துப் பாடிச் சரிக்கட்டினாள்.
நான், கொஞ்சம் கூச்சத்தோடு: மத்தியானம் ஒரு தூக்கம்.
அதை மட்டும் இரண்டு தடவை பாடினோம்.
அதற்கு எத்தனை பீடி ஆயிற்றென்று
யாரும் எண்ணவில்லை.

சாயங்காலம் கடையில்
வெள்ளத்தாயின் முதல் கட்டை அண்ணாச்சி உரித்தார்.
“வாய் கோணல்.”
இருபத்தைந்தையும் ஒடித்துக் கூடையில் போட்டார்.
போடும்போது முனகினார்,
அதே பாட்டு.

எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது.
அவர் காதுக்கும் பதினோரு மணிக்கு அந்த நாடு வருகிறது.
அவரும் அங்கே குடியிருக்கிறார்,
ஒருவேளை எங்களுக்கு அடுத்த வீட்டில்.

இரண்டாவது கட்டுக்கு அவர் கை போனபோது
வெள்ளத்தாய் அடுத்த வரியைப் பாடினாள்,
கடை நிறையப் பெண்கள் நிற்க, சத்தமாக.
அவர் கை தாளத்துக்காக அந்தரத்தில் நின்றது.
பழக்கம்தான், வேறொன்றுமில்லை.
நியாயம் கியாயம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை.
தாளம் விழுவதற்குள் அவள் அந்தக் கட்டை எடுத்து
நல்லதோடு வைத்துவிட்டாள்.

பாஸ்புக்கில் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து என்று எழுதினார்.
எழுதிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல்,
“இப்பம் யாரு இதெல்லாம் பாடுதா” என்றார்.

“இன்னும் ஒரு சரணம் கெடக்கு அண்ணாச்சி”
என்றாள் வெள்ளத்தாய்.