படிவம், மூன்று நகல்

முதலில் மரங்களை எண்ணினோம்.
அது எளிது,
மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.
அருமனையிலிருந்து களியல் வரை ரப்பர்:
ஒடிந்தது ஒரு பத்தி, வேரோடு சாய்ந்தது ஒரு பத்தி.
என் செவ்வாழை நூற்றுப் பன்னிரண்டையும்
நானே எண்ணி, நானே எழுதி,
பக்கத்து விளைக்காரரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.
ஆறாம் நாள் தாசில்தார் சொன்னார்:
ஓய், நீரு கடற்கரைக்குப் போவும்.

ஜீப் குழித்துறை தாண்டவில்லை.
தண்டவாளத்தில் ஊர்கள் உட்கார்ந்திருந்தன.
சரளைக்கல்லில் துண்டு விரித்துப் பிள்ளைக்குப் பாலூட்டினார்கள்.
நாகர்கோவில் வண்டி ஊதி ஊதி ஓய்ந்திருந்தது.
ஜன்னலில் ஒருவர், "ஆஸ்பத்திரி போணும் எனக்கு" என்றார்.
கீழிருந்து ஒருத்தி பிஸ்கட் பொட்டலத்தை நீட்டி,
"எங்களுக்கு ஆளு வரணும். இரியும்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுத் தந்தார்கள்,
மூன்றாம் வகுப்பு மேசை, முழங்கால் இடித்தது.
ஹெலிகாப்டர் வந்ததா என்று கேட்டு எழுத வேண்டும்.
"வந்துது. கோயிலுக்கு மேல ரெண்டு வட்டம் சுத்திச்சு.
எங்கப்பன் கோயிலுக்கு மேலயா தூண்டி போடுகான்?"
பையனுக்குப் பதினாறு இருக்கும்.
நான் 'ஆம்' என்று எழுதினேன்.

வெளியே சேலத்து லாரி நிறையக் கம்பளி.
மார்கழியிலும் வியர்க்கிற ஊருக்கு.
ஒருவரும் கயிற்றை அவிழ்க்கவில்லை.
டிரைவருக்கு மட்டும் கப்பையும் மீன்கறியும்
வேளை தவறாமல் போனது.

பெரியவர்கள் வருகிறார்கள் என்று
ஓர் இரவில் சாலைக் குழிகளை அடைத்தார்கள்.
பன்னிரண்டு நிமிடம் நின்றார்கள்.
மணி பார்த்தது என் தப்பு.
தொகை அறிவித்தார்கள். பெரிய தொகைதான்.
பின்வரிசையில் யாரோ, "நாங்க வெல சொல்லலியே" என்றது
மைக்கில் விழவில்லை.

பிறகு வியாகுலமேரி வந்தாள்.
கணவன் எப்ரேம், வயது நாற்பத்தொன்று,
படகில் பன்னிரண்டு பேர், அவளுடைய கொழுந்தனும் அதில்.
இறந்தவரா, காணாமற்போனவரா,
ஒன்றை அடிக்கவும் என்றது படிவம்.
அவள் பேனாவைத் தொடவில்லை.
"நீரே அடியும் சாரே. எனக்குக் கை வராது."
எனக்கும் வரவில்லை.
இரண்டையும் அப்படியே விட்டு அடுத்த பத்திக்குப் போனேன்:
கடைசியாகப் பார்த்த இடம்.
"முதுவு" என்றாள்.
இடம் கேட்கிறார்கள், அம்மா.
"முதுவத்தான் பாத்தேன். கேன் சுமந்துட்டுப் போனாரு,
திரும்பலை."

கடலுக்குப் போனதற்கு ஆதாரம் இணைக்கவும்.
முந்தானை முடிச்சிலிருந்து எடுத்தாள்:
டீசல் ரசீது, அரிசி ரசீது,
ஐஸ் பிளாண்ட் சீட்டு, நூற்றைம்பது பார், பாக்கி.
"பாக்கி கேக்க வந்தவரு
வாசல்ல நின்னு அழுதுட்டுப் போனாரு" என்றாள்.
கொஞ்சம் கழித்து, என்னிடம் அல்ல, சீட்டிடம்:
"பதினஞ்சு நாளைக்குள்ள ஐசு.
இன்னும் உருகித் தீந்திருக்காது."

எச்சரிக்கை எப்போது கிடைத்தது என்றொரு பத்தி.
அதில் எல்லோருக்கும் ஒரே பதில்,
போனபிறகு.
நூற்று நாற்பதுக்கு மேல் எழுதிவிட்டேன்,
மேற்படி, மேற்படி என்று போட
அலுவலகத்தில் அனுமதி உண்டு.
போடவில்லை. கை வலித்தது.

அன்றிரவு வீட்டில் கரண்டு இல்லை.
மெழுகுவர்த்தி வைத்து நகல்களைப் பிரித்தேன்.
முதல் நகல் கலெக்டர் ஆபீசுக்கு, அடுத்தது மீன்வளத்துறைக்கு,
மூன்றாவது எங்கள் அலமாரிக்கு.
மூன்றாவதில் கார்பன் சரியாகப் பிடிக்கவில்லை.
ஊர் இருக்கிறது, படகு எண் இருக்கிறது,
எப்ரேம் இருந்த இடத்தில் வெறும் அழுத்தம்.
விரலால் தடவினால் தெரிகிறது.

மனைவி கேட்டாள்,
"நம்ம வாழைக்கு எப்பத் தருவாவ?"
பட்டியல் போயிற்று, சீக்கிரம் வரும் என்றேன்.
பிறகு பேனாவைத் திறந்து
அந்தப் பள்ளத்தின் மேலேயே,
எழுத்து எழுத்தாக, நிரப்பத் தொடங்கினேன்.