ஒரு கோடு கீழே

ஞாயிறன்று கப்பலில் கையெழுத்தாயிற்று.
எங்கள் மில்லில் புதன்கிழமை.

இரண்டு இடத்திலும் மேசை பற்றவில்லை.
அங்கே மாலுமிகள் சாப்பிடும் மேசையைத்
தூக்கி வந்து பச்சைத் துணி விரித்தார்களாம்.
வருடங்கள் கழித்து, பகோடா மடித்து வந்த
பழைய தாளில் படித்தேன்.
இங்கே பாபின் பெட்டி இரண்டைக் கவிழ்த்து
டைம்கீப்பர் தேவசகாயம்
ஜன்னலில் அடித்திருந்த கருப்புத் துணியை
ஆணியோடு பிடுங்கி மேலே போட்டார்.
மூன்று வருடம் அந்தத் துணி
ஜப்பான்காரன் கண்ணில் படாமல்
மதுரையை மறைத்து வைத்திருந்தது.
அவன் வரவேயில்லை.
வந்தது ஒரு வௌவால்,
அதுவும் வழி தவறி.

கூடாரத்துக்கு இனி நூல் வேண்டாம் என்று
சென்னையிலிருந்து தந்தி.
ரீலிங் பகுதியில் நாற்பத்தொரு பெண்கள்.
பதினைந்து நாள் கூலி, பஞ்சப்படி,
'இன்று முதல் எனக்கும் கம்பெனிக்கும்
யாதொரு பாத்தியமும் இல்லை,'
கீழே கட்டைவிரல்.
வாசகம் எழுதியவன் நான்.
ரூல்தடி வழுக்காமல்
நாற்பத்தொரு கோடு போட்டவனும் நான்.

துரை வந்து ஒரு நிமிடம் நின்றார்.
சமாதானம் வந்துவிட்டது என்றார்.
தேவசகாயம் அதைத் தமிழில் சொன்னார்.
யாரும் கை தட்டவில்லை.
ஒருத்தி இருமினாள். பஞ்சு இருமல்.

ஒன்பதாவது ஆள் ஒச்சம்மா, கருமாத்தூர்க்காரி.
மைத்தட்டில் விரலைப் புதைத்தபடி சொன்னாள்:
'சண்டை நின்னா அரிசி வரும்னாக,
சீமெண்ணெ வரும்னாக.
எங்க கூலி நிக்கும்னு
ஒருத்தரும் சொல்லலையே.'
கேள்வி என்னிடம், பார்வை துரையிடம்.
விரல் விழுந்தது பத்தாவது கோட்டில்,
பாண்டியம்மாள் பெயருக்கு நேரே,
சுழி சுழியாக, சுத்தமாக.

அப்புறம் எல்லாம் சரிந்தது.
பாண்டியம்மாள் பதினொன்றில்,
பதினொன்று பன்னிரண்டில்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது முப்பது தாண்டியிருந்தது.

கடைசியில் இருளாயி.
அவளுக்குக் கோடே மிஞ்சவில்லை.
பக்க எண்ணுக்கும் கீழே
ஒரு விரற்கடை வெறுந்தாள்.
'இங்கனயா?' என்றாள்.
'அங்கேதான்' என்றேன்.

கப்பலிலும் அப்படித்தானாம்.
ஒரு தேசத்தார் தம் கோட்டை விட்டுவிட்டு
அடுத்ததில் எழுதப் போக,
பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு படி இறங்கி,
கடைசி தேசத்துக்கு
நிற்க இடமில்லாமல் போயிற்றாம்.
தோற்றவர்கள் தாளைப் பார்த்து முகம் சுளித்தார்களாம்.
தளபதி ஒருவர் குனிந்து
தேசங்களின் பெயரை அடித்து, கையால் திருத்தி,
சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தாராம்.
அதன் பிறகுதான்
போர் முடிந்தது செல்லுபடியானது.

அதே வேலையை அன்று ராத்திரி,
சங்கு ஊதாத மில்லில், தெரியாமலே
நானும் செய்துகொண்டிருந்தேன்.
முப்பத்திரண்டு பெயரை அடித்தேன்.
முப்பத்திரண்டையும் திரும்ப எழுதினேன்.
ஒன்பதாம் கோட்டை மட்டும் தொடவில்லை.
ஒச்சம்மா என்று பெயர் இருக்கும்,
எதிரே ஒன்றும் இருக்காது.
ஆடிட்டர் எவரும் இதுவரை கேட்கவில்லை.

சொல்ல விட்டுப்போனது ஒன்று.
சாயங்காலம் எல்லாரும் போன பின்னும்
இருளாயி நின்றாள்,
விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு.
'அந்தத் துணியக் குடுப்பீகளா?
சின்னவனுக்கு ஒரு சட்டை வரும்.'

கம்பெனிச் சொத்து.
இருப்புப் பதிவேட்டில் அதற்கு எண் உண்டு.
தேவசகாயம் கூரையைப் பார்த்தார்.
நான் மடித்துக் கொடுத்தேன்.
ஆணித்துளை நான்கு,
ஓரத்தில் ஊதா மை.
முந்தானைக்குள் செருகிக்கொண்டு
ஆரப்பாளையம் பக்கமாக நடந்தாள்.

அதற்கு மட்டும்
நான் கைநாட்டு வாங்கவில்லை.