முத்திரை இல்லாத பக்கங்கள்

டோவர் விமானத்தளம். விடிய இன்னும் நேரமிருக்கிறது.
காலி இருக்கை மிஞ்சினால் ஏற்றிக்கொள்வார்கள்.
பட்டியலில் அறுபத்திரண்டாவது பெயர்
ஆர்வில் டாக்கெட், ஓய்வுபெற்ற சார்ஜென்ட்.

நீல அட்டையை நீட்டுகிறார்.
"இது இந்த வாசலுக்குப் போதும், சார்.
ஜெர்மனியில் இறங்க பாஸ்போர்ட் வேண்டும்."

கோட்டின் உட்பையிலிருந்து எடுக்கிறார்.
போன மாதம் தபாலில் வந்தது;
அட்டை இன்னும் முறுக்காக இருக்கிறது,
திறந்தால் தானே மூடிக்கொள்கிறது.

கவுண்டர் பெண் புரட்டுகிறாள்:
வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
"முதல் வெளிநாட்டுப் பயணமா?"

தொண்ணூற்றொன்றில்
ஒரே ஓர் உத்தரவுத் தாளோடு போனார்,
அதில் அவர் பெயரோடு இருபது பெயர்கள்.
எல்லை எந்த இடத்தில் வந்தது என்று
டிரக்கின் பின்னாலிருந்த ஒருவருக்கும் தெரியாது.
ரெனால்ட்ஸ் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான்.
யாரும் முத்திரை குத்தவில்லை.
முழங்காலில் மட்டும்
காலணா அகலத்துக்கு ஏதோ பதிந்திருக்கிறது,
மழைக்கு முன்னால் வலிக்கும்.

"ஆமாம், முதல்முறை" என்கிறார்.

"என்ன விசேஷம்?"

"மகளுக்குக் கல்யாணம்."
சற்றுப் பொறுத்து,
"இரண்டாவது."

அவள் சிரித்துவிட்டு
அட்டையையும் புத்தகத்தையும் ஒன்றாகத் தருகிறாள்.
அவர் இரண்டையும்
தனித்தனிப் பைகளில் வைக்கிறார்.

ஒலிபெருக்கி சொல்கிறது:
நாற்பது இருக்கைகள்.