விழாத எடை

ஓசூர் சிப்காட். இரவு இரண்டே கால்.
எஃகுத் தகட்டில் ஓர் அங்குலச் சதுரம் டேப் ஒட்டி
அதில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு
சூட்டுப் பெட்டியைச் சாத்தியிருக்கிறேன்.
நாற்பது டிகிரி.
விழுந்தால் கடிகாரம் நிற்கும்.

நல்ல பசை மூன்று நாள் தாங்கும்.
பதினேழாம் பேட்ச்
நாற்பத்தொரு நிமிடத்தில் வழுக்கியது.
காவேரிப்பட்டணத்து மாங்கூழ் டின்களில் ஒட்டிய லேபிள்கள்
துறைமுகம் சேர்வதற்குள்
முடிச்சுத் தளர்ந்த வேட்டி மாதிரி இறங்கியிருந்தன.
போட்டோ பார்த்துச் சிரித்தேன்.
மேனேஜர் சிரிக்கவில்லை.

தகட்டிலும் பசை, டேப்பிலும் பசை.
நடுவில் கிழிந்திருந்தது, தனக்குள்ளேயே.
ஊரையெல்லாம் ஒட்டத் தெரிந்ததற்குத்
தன்னைப் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை.

குறுக்குப் பிணைப்பியைக் குறைத்துவிட்டேனோ என்று
முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
நூறு கிராமுக்கு அரைக் கிராம்கூட இல்லை அது.
கூடினால் பசை விறைத்துக்கொள்ளும்,
விரலை வைத்தால் 'யார் நீ' என்று கேட்கும்.
குறைந்தால்
போன இடத்திலெல்லாம் பாதியை விட்டுவிட்டு வரும்.
தராசு நோட்டில் என் எண்கள் சரி.

அப்புறம்தான் உலைக் குறிப்பேடு.
துவக்கி: ஒரு முறை.
அந்த 'ஒரு'வின் மேல் வேறு மை.
திம்மராயன் ஷிப்ட்.
அன்று கரண்ட் இரண்டு தடவை போனது.
வினை மந்தம்.
ஐந்தரைக்குத் தேன்கனிக்கோட்டை பஸ்.
இன்னொரு குவளை ஊற்றினால் சீக்கிரம் முடியும்.
முடிந்தது.

ஆயிரம் சங்கிலியை ஒரே நேரத்தில் ஆரம்பித்து வைக்கும் துவக்கி.
இருக்கிற மோனோமரில் எல்லாவற்றுக்கும் பங்கு.
எதுவும் நீளாது.
நீளாதவை ஒன்றோடொன்று சிக்காது.
நான் போடும் அரைக் கிராம் முடிச்சு
எத்தனையைத்தான் கட்டும்?

டைப்ரைட்டிங் லோயர், பாதி.
தையல், ஆறு வாரம்.
பெங்களூர் கால் சென்டர், பயிற்சி முடியும் வரை.
பசவராஜ், இரண்டு மழைக்காலம்.
அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
இதெல்லாம் வேண்டாம்.

மூன்றரைக்கு டீயோடு வந்தான்.
'விழுந்துச்சா மேடம்?'
'இன்னும் இல்ல.'
'இன்னிக்கு ஒரு தடவதான் ஊத்துனேன்.'
நான் கேட்கவே இல்லை.

காரணம்: மின்தடை. கூடுதல் துவக்கி.
ஊற்றியவர் பெயருக்குக் கட்டம் இருந்தது.
பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
டீ ஆறிவிட்டது.

ஆறு மணிக்கு லட்சுமிகாந்தம்மா வந்து
என் நாற்காலியில் உட்காருவாள்.
எடை விழுந்ததா என்று தெரியாமலே
நான் பஸ் ஏறுவேன்.
இந்த வேலையில்
அதைவிட நல்ல சேதி கிடையாது.