ஏழாம் நம்பர் பாயிண்ட்

பாரத்தில் மூன்று கட்டங்கள்தான்:
சிவப்பு, மஞ்சள், பச்சை.
அன்று ராத்திரி எரிந்த நிறத்துக்குக்
கட்டம் இல்லை.

விசாரணைப் பாரம் நிரப்புவது என் வேலை.
சுங்கை தெராப் எஸ்டேட், செம்பனை ஆலை ஆபீஸ்.
மலாயில் எழுத வேண்டும், மூன்று படி.

எங்களுடையது சின்ன ரயில்.
ஒன்றரை முழ அகலத்தில் தண்டவாளம்,
குலை ஏற்றிய கூண்டுகள் பதினாலு,
இழுக்க ஒரு டீசல் இஞ்சின்.
ஏழாம் நம்பர் பாயிண்டில் பாதை பிரியும்.
வளைந்து போனால் ஆலை.
நேரே போனால் டவுன் ஸ்டேஷன்,
எண்ணெய் டாங்கிகள் வரிசையாக நிற்கும் இடம்.

ஸ்டேஷன்காரர்களுக்கு
நேர்வழி என்றால் பச்சை, கிளைவழி என்றால் மஞ்சள்.
எங்களுக்கு
ஆலைக்கு என்றால் பச்சை,
ஆலை வளைவில் இருந்தாலும்.
சம்பளம் வரும் திசைதான் நேர் என்று
எவனோ ஒரு துரை முடிவு செய்தான்.
அவனும் போனான், ரப்பரும் போனது,
நிறத்தை யாரும் மாற்றவில்லை.

இன்னொன்று, பாரத்தில் இடமில்லாததால் இங்கே:
கைகாட்டி வேறு, பாயிண்ட் விளக்கு வேறு.
போகலாமா என்பதற்குக் கைகாட்டி பதில் சொல்லும்.
போனால் எங்கே என்பது மட்டும்தான் விளக்குக்குத் தெரியும்.
போ என்று அது சொல்வதில்லை.
நில் என்றும்.
(என் தங்கச்சி கல்யாணப் பேச்சில்
இரண்டையும் குழப்பிக்கொண்டோம்.
அது வேறு விசாரணை.)

போன மாதம்வரை மண்ணெண்ணெய் விளக்கு.
திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து,
ஆறரைக்குச் சவரியப்பன் ஏற்றிவிடுவார்.
மண்ணெண்ணெய் பில்லில் கையெழுத்துப் போட்டு அலுத்த
மேனேஜர் ஹஸ்புல்லா
ஆ சூன் கடையில் பன்னிரண்டு வெள்ளிக்கு
பேட்டரி பல்பு வாங்கி உள்ளே வைக்கச் சொன்னார்.
வைத்தார்கள்.
பச்சை எரியவில்லை.
நீலம் எரிந்தது.

கண்ணாடி எப்போதுமே நீலம்தானாம்.
பின்னால் மஞ்சள் சுடர் இருந்ததால்
இத்தனை வருஷம் பச்சை.
பாதி நிறத்தைத் தீ போட்டிருக்கிறது,
எந்தக் கணக்கிலும் வராமல்.

புது டிரைவர் ரொஃபிகுல் இஞ்சினை நிறுத்தினான்.
அவன் கப்பல் உடைக்கும் கரையில் வேலை பார்த்தவன்.
அங்கே நீல விளக்கு தொங்கினால்
கீழே ஆள் இருக்கிறான், தொடாதே.
இறங்கினான்.
போன் வெளிச்சத்தில்
பதினாலு கூண்டுக்கும் அடியில் குனிந்து பார்த்தான்.
ஒரு உடும்பு.
உதிர்ந்த பழம்.
மழைத் தண்ணீர்.
"பாய், பாய்" என்று கூப்பிட்டானாம்.
ஆள் இல்லை.
ஆனாலும் விளக்கு நீலம்.
விடியும்வரை தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்துவிட்டான்.

காலையில் பழம் புளித்திருந்தது.
ஆலையில் கொதித்தார்கள்.
ஸ்டோர் ரெங்கநாயகிக்கு ஒரே சிரிப்பு:
"பெருமாளை நீலம்ங்கிறோம், பச்சைங்கிறோம்,
அதுக்காகத் தேரை நிறுத்துனோமா?"
சவரியப்பன் சிரிக்கவில்லை.
தீபாவளிக் கூடையில் சுற்றி வந்த மஞ்சள் கண்ணாடித்தாளை
பல்பின் மேல் இரண்டு சுற்று,
ஒரு ரப்பர் பேண்ட்.
பச்சை வந்துவிட்டது.
கொஞ்சம் வெளிறிய, மாங்காய்த் தோல் பச்சை.
மழைக்கு எத்தனை நாள் தாங்குமோ.

'காரணம்' என்ற இடத்தில்
மேனேஜர் சொன்னது: டிரைவரின் அறியாமை.
நான் எழுதியது: பல்பு.
கிழித்துப் போட்டு
வேறு பாரம் கொடுத்தார்.
ரொஃபிகுலுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தாயிற்று.

மூன்று படியும் மேசையில் கிடக்கின்றன.
'வண்டியின் அடியில் எவரேனும் இருந்தனரா?'
ஒன்பதாவது கேள்வி.
எல்லோரும் இல்லை என்றுதான் போடுவார்கள்.
போய்ப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லக்கூடியவன்
இந்த எஸ்டேட்டில் ஒருவன்.
பேனாவை எடுத்துக்கொண்டு
கொங்சிப் பக்கம் நடக்கிறேன்.