ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பஸ்

மா ஆலையில் இரவு வேலை.
மணிக்கொரு தரம் கோதுமையின் ஈரப்பதம் பார்த்து
பன்னிரண்டு தசம் நான்கு, பன்னிரண்டு தசம் ஆறு என்று
பதிவேட்டில் எழுதவேண்டும்.
இடையில் கிடைக்கும் ஐம்பது நிமிடத்தில்
அதே பதிவேட்டின் பின்பக்கத்தில்
வேற்றுக்கிரகத்தார் திருகோணமலையில் இறங்குகிறார்கள்.

சிரிக்கவைக்கும் விஞ்ஞான நாவல். இது மூன்றாவது.
முதலாவதை வாசித்த மச்சான்
"விஞ்ஞானம் பிழை" என்றார்.
இரண்டாவதை வாசித்த பௌதிகவியல் மாஸ்டர்
"விஞ்ஞானம் சரி, பகிடிதான் விளங்கேல்லை" என்றார்.
இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாசகரைத் தேடுகிறேன்,
வேறு கிரகத்தில் என்றாலும் பரவாயில்லை.

கதாநாயகன் பெயர் ஙௌ.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில்
ஒருநாளும் வேலைக்குப் போகாத எழுத்து.
பாலர் வகுப்புச் சுவரில் சம்பளமில்லாமல் தொங்கியதைக்
கூட்டிவந்து மாலுமி ஆக்கினேன்.
கலத்தின் பின்புறம் ஃ போல மூன்று புகைவாய்.

சீனக்குடாக் காட்டுக்குள்
துருப்பிடித்து நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டு
"நமக்கு முன்னமே நம்மவர் வந்து
எரிபொருள் தீர்ந்து நின்றுவிட்டார்கள்" என்று அழுகிறான்.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்னும் மான்களை
நகரசபை உறுப்பினர்கள் என்று நினைத்து
அறிமுகக் கடிதம் நீட்டுகிறான்.
அவை கடிதத்தையும் தின்கின்றன.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
ஏழு முழங்கால்காரன் தன் கிரகத்துக்கு அறிக்கை அனுப்புகிறான்:
அளவெடுத்து வெட்டியிருக்கிறார்கள்.

பகிடியும் கோதுமை மாதிரித்தான்.
ஈரம் கூடினால் பூஞ்சணம், குறைந்தால் தூசி.
எட்டு அத்தியாயம் பதமாக ஓடியது.

ஒன்பதில் ஒரு பொறி தேவைப்பட்டது.
எல்லா நாவல்காரரும் வைத்திருப்பது:
ஆள் உள்ளே போவான்,
பொத்தானை அமுக்கினால் இங்கே இருக்கமாட்டான்,
வேறெங்கோ இருப்பான்.

எழுதினேன்:
"ஙௌ உட்துறைமுக வீதியில் நின்றுகொண்டிருந்தான்.
அடுத்த கணம் அங்கே இல்லை."

அடுத்த வரி பகிடி வரவேண்டிய இடம்.
மணி இரண்டு. ஈரப்பதம் பார்த்தேன்.
மணி மூன்று. பார்த்தேன்.
பக்கத்து மேசையில் தவச்செல்வி
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூடினாள்.
அவளுடைய அண்ணன் பாண் வாங்கப் போனது அந்த வீதியால்தான்.
சைக்கிள் பூட்டுப் போட்டபடி நின்றது.
லீவு கிடைக்கும் புதன்கிழமைகளில்
படத்தோடு கச்சேரி வாசலில் போய் இருக்கிறாள், இன்னும்.

பொறியை வெட்டினேன்.
நீலப் பேனையால், மூன்று தரம், தாள் கிழிய.
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்:
இந்த அண்டத்தில் அது கிடையாது.

எனவே பால்வீதி முழுக்க
நாற்பத்தொன்பதாம் இலக்க பஸ் ஓடுகிறது.
ஒளியாண்டுக்கு ஒரு தரிப்பு.
கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி
"உள்ளுக்குப் போங்கோ, சனிக்கிரகத்துப் பக்கம் இடம் கிடக்கு"
என்று கத்துகிறார்.
ஏறியவர் எல்லாரும் யன்னலால் தெரிகிறார்கள்.
எல்லார் கையிலும் டிக்கெட்.
இறங்குகிறவரின் பெயரை உரக்க வாசிக்கவேண்டும்,
ஒருவரும் கேட்காவிட்டாலும், அது சட்டம்.
எழுபதாயிரம் வருடம் எடுக்கிறது.
ஒரு ஆட்டுக்குட்டிகூடக் குறையாமல் வந்துசேர்கிறார்கள்.

கிண்ணியாவில் தட்டச்சு செய்து தரும் நஸ்மியா
ஙௌவுக்கு விசை தேடித் தேடி என்னைத் திட்டியவள்,
ஒன்பதில் சிரித்துச் சிரித்து
பிளேன்டீயை விசைப்பலகையில் ஊற்றிவிட்டாளாம்.
"புத்தகத்திலேயே இதுதான் பகிடி.
இந்த பஸ் யோசனை எங்கால வந்தது?"

கோபுரத்துப் பக்கமிருந்து லொறி ஒன்று திரும்பும் சத்தம் என்று
எதையோ சொல்லி போனை வைத்தேன்.

ஈரப்பதம் பன்னிரண்டு தசம் ஐந்து.
தவச்செல்வி கேட்கிறாள், எனக்கு எப்ப வாசிக்கத் தருவீங்கள் என்று.
பத்தாம் அத்தியாயத்தில் ஙௌவுக்குத் தடிமன்.
ஏழு மூக்கு, ஒரு கைலேஞ்சி.
அதை முடித்துவிட்டு, என்கிறேன்.