செருப்புக் கணக்கு

கூட்டம் மூன்று மணிக்கு.
அரை நாள் சம்பளம் விட்டு வந்திருந்தேன்.
பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் நான்.
தேர்ந்தெடுத்த அன்று வந்த ஆறு பேரில்
மறுக்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஆபீஸ் வாசலில் பளபளத்த ஷூக்களுக்குப் பக்கத்தில்
செருப்பை விடக் கூசி
பிள்ளைகள் வரிசையில் விட்டேன்.
கண் தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது.
பதினொரு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிற கண்.
ஓட்டை, கறை, தையல் விட்டது, அளவு பிசகியது,
ஒரு டஜன் பனியனுக்கு
ஒரு மூச்சு போதும் அதற்கு.

வார் அறுந்து ஊக்குக் குத்தியது.
அண்ணனுடையதாக இருக்கும், அவ்வளவு நீளம்.
இடது நீலம் வலது சிவப்பாக ஒரு சோடி.
மொத்தம் நாற்பத்து மூன்று.

உள்ளே மேசையில் வருகைப் பதிவேடு.
அறுபத்தொன்று.
இன்றைக்கு ஒருவரும் லீவு இல்லை.

தாளாளரின் அப்பா
கிணற்றடி நிலத்தை எழுதிவைத்துக் கட்டிய பள்ளி.
இப்போது சுற்றிலும் சாயப்பட்டறை, குடோன்,
எங்களைப் போன்றவர்களின் லைன் வீடுகள்.
"அங்கீகாரம் புதுப்பிக்கோணும் அம்மிணி,
இங்கொரு கையெழுத்துப் போட்டுடுங்" என்றார்.
வட்டாரக் கல்வி அலுவலர் வாட்சைப் பார்த்தார்.
கவுன்சிலர் மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கினார்.

அறுபது என்றால் இரண்டு டீச்சர்.
அறுபத்தொன்று என்றால் மூன்று.
அந்த ஒற்றை எண்ணின் மேல்தான்
எமிலி டீச்சர் உட்கார்ந்திருக்கிறார்.
"பலம் தின்னேன்" என்ற என் மகனை
நாக்கை மடிக்க வைத்து
ஒரு மாதம் ழகரத்தோடு மல்லுக்கட்டியவர்.

பக்கத்தைத் திருப்பினேன்.
லிபிகா நாயக், நான்காம் வகுப்பு.
நேற்றும் வந்திருக்கிறாள், முந்தாநாளும்.

நேற்று அவள் எங்கள் கம்பெனியில்
அம்மாவுக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டி மேல்,
சின்னக் கத்தரியால் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள்.
டீ நேரத்தில் ஒரு வர்க்கி கொடுத்தேன்.
வேறென்ன செய்தேன்?
சூப்பர்வைசரிடம் கேட்கவில்லை. டீச்சரிடம் சொல்லவில்லை.
அவள் வெட்டிய பனியனில் பிசிர் இல்லையென்று
பாஸ் போட்டேன்.

"நாப்பத்தி மூணுதானுங் இருக்குது" என்றேன்.

ஃபேன் சுற்றியது.
எமிலி டீச்சர் சாக்பீஸ் விரல்களைச் சேலையில் துடைத்தார்,
துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்தார்.
"காய்ச்சல் காலமுங்" என்று சிரித்தார் தாளாளர்.
"அப்புறம் ஏனுங் யாருக்கும் லீவு போடல?"

அலுவலர் முதல் முறையாக என்னைப் பார்த்தார்.
"அப்ப மூடிரலாம்ங்கறீங்களா?"

தொண்டை வறண்டது.
"ஒரு பீஸ் டேமேஜுன்னு லாட்டையே எரிக்க மாட்டோமுங்க."
"அதத்தானுங் நானும் சொல்றேன்!" தாளாளர் நிமிர்ந்தார்.
"டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டினத
பெட்டிக் கணக்குல சேர்க்கவும் மாட்டோமுங்க."

தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன்.
எட்டாவதோடு நின்ற கையெழுத்து.
வருகை 43.
பள்ளி வேண்டும். ஒரு வருடத்துக்கு மட்டும் அங்கீகாரம்.
மாதா மாதம் குழு வந்து எண்ணும்.
வராத பிள்ளைகளின் வீட்டுக்குத்
தாளாளரும் தலைவரும் நேரில் போக வேண்டும்.

தலைவர் என்றால் நான் என்பது
முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் உறைத்தது.
எத்தனை அரை நாள்?
லிபிகாவின் அம்மா என் மேசைக்கு நாலாவது மேசை.
அங்கே போவதுதான் தூரம்.

மூன்றாவது டீச்சரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
பக்கத்தில் இடம் இருந்தது.

வெளியே வந்தேன். பெல் இன்னும் அடிக்கவில்லை.
ஊக்குக் குத்தியதற்கும் நீளமானதற்கும் நடுவில்
என் செருப்பு கிடந்தது.
அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.

வெறுங்காலோடு உள்ளே திரும்பினேன்,
பேனா கேட்டு.